தக்காளி வேரில் மணி மணியாக முடிச்சு: நூற்புழு உள்ளே போய் என்னதான் செய்கிறது?

செம்மண்காரன் | பிப்ரவரி 18, இரவு 8:50

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். நட்டு 55 நாள் ஆகிறது. செம்மண், சொட்டு நீர், மல்ச்சிங் ஷீட் எல்லாம் உண்டு. மேற்கு ஓரத்தில் ஐந்து பாரில் மட்டும் செடி மத்தியானம் தலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அரை மணி நேரம் கூட்டி விட்டேன். அப்புறம் இலை வெளிறியது. நுண்ணூட்டம் தெளித்தேன். இரண்டுக்கும் ஒரு மாற்றமும் இல்லை.

நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு. சிலது கடுகு அளவு, சிலது பட்டாணி அளவு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்த உடனே "நூற்புழு" என்றார். கடையில் குருணை மருந்து வாங்கிப் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் வேப்பம் பிண்ணாக்கு என்கிறார். மூன்றாவது ஆள் சுற்றிலும் செண்டுமல்லி நடு என்கிறார்.

காசைக் கொட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இந்தப் புழு வேருக்குள் போய் என்ன செய்கிறது? எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? எந்தச் சமயத்தில் அடித்தால் சாகும்? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பந்தல்காய் | பிப்ரவரி 18, இரவு 9:15

குருணையை இரண்டு மடங்காகப் போட்டு நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். பீர்க்கனுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

வேரடி | பிப்ரவரி 18, இரவு 10:40

தம்பி, அவசரப்பட்டுக் குருணை போட வேண்டாம். இன்னும் 10, 15 நாளில் காய் பறிக்கப் போகிறீர்கள். அந்த விஷம் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போகும், புழுவுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏன் ஆகாது என்பதற்குத்தான் நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல வருடம் நூற்புழு எண்ணிக் கொண்டிருந்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது வேர்முடிச்சு நூற்புழு. மெலாய்டோகைன் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். நம் பக்கம் தக்காளி, கத்தரி, வெண்டையில் அதிகம் வருவது மெலாய்டோகைன் இன்காக்னிடா, அடுத்தது ஜாவானிகா.

முட்டையில் இருந்து தொடங்குவோம். வேரின் மேல்தோலை ஒட்டி, பழுப்பு நிறத்தில் குண்டூசித் தலை அளவு கோழை உருண்டை இருக்கும். அதற்குள் 300 முதல் 500 முட்டை வரை இருக்கும், சில சமயம் அதற்கு மேலும். இளம்புழு முட்டைக்குள்ளேயே ஒரு தடவை தோலுரித்து, இரண்டாம் பருவத்தில்தான் வெளியே வருகிறது. நீளம் அரை மில்லிமீட்டருக்குள். பருமன் தலைமுடியை விடச் சின்னது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இந்த இரண்டாம் பருவ இளம்புழுவைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேரைத் தேடி மண்ணில் அலைவது இது ஒன்றுதான். செடிக்குள் நுழையத் தெரிந்ததும் இது ஒன்றுதான். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் நீர்ப்படலத்தில் நெளிந்து நெளிந்து வேரைத் தேடும். வேர் விடும் கரியமில வாயுவும் வேர்க்கசிவும் அதற்கு வழி காட்டும். அதுவரை அதற்குச் சாப்பாடு கிடையாது. முட்டையில் இருந்து கொண்டுவந்த கொழுப்பைத்தான் எரித்துக்கொண்டிருக்கும். சூடான ஈர மண்ணில் சில வாரத்துக்குள் வேர் கிடைக்கவில்லை என்றால் கொழுப்பு தீர்ந்து, நுழையும் தெம்பு போய்விடும். மண் வறண்டு கிடந்தால் சுருண்டு படுத்து இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும்.

வேர் கிடைத்ததும் நுனிக்குச் சற்று மேலே, வேர் நீளும் இடத்தில் நுழைகிறது. வாயில் ஊசி மாதிரி ஒரு உறுப்பு உண்டு, உள்ளே துளை உள்ள ஊசி. அதால் குத்திக்கொண்டே, செல் சுவரைக் கரைக்கும் நொதிகளையும் விடுகிறது. செல்லுலோஸைக் கரைக்கும் நொதியைச் சொந்தமாகச் செய்யும் விலங்கு ஒன்று உண்டு என்பதை 1998ல் ஒரு நூற்புழுவில்தான் முதலில் உறுதி செய்தார்கள். அந்த மரபணு எப்போதோ பாக்டீரியாவிடம் இருந்து நூற்புழுவுக்குள் வந்திருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கண் இழுக்கிறது. மிச்சம் நாளை.

செம்மண்காரன் | பிப்ரவரி 19, காலை 6:05

ஐயா, ரொம்ப நன்றி. காலையில் தண்ணீர் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அடுத்ததுக்குக் காத்திருக்கிறேன்.

மாடிப்பாத்தி | பிப்ரவரி 19, காலை 9:30

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். மாடியில் தட்டைப்பயறு வைத்திருக்கிறேன். அதன் வேரிலும் இப்படி உருண்டை உருண்டையாக இருக்கிறது. தொட்டி மண்ணைக் கொட்டிவிட வேண்டியதுதானா?

வேரடி | பிப்ரவரி 19, காலை 10:10

அம்மா, கொட்டிவிடாதீர்கள். பயறு, உளுந்து, நிலக்கடலை வேரில் தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சும் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசாகத் தள்ளினால் தனியாக வந்துவிடும், நசுக்கினால் உள்ளே ரோஜா நிறம். நூற்புழு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், பிய்த்தால் வேரோடுதான் வரும்.

மாடிப்பாத்தி | பிப்ரவரி 19, காலை 10:45

தேய்த்தேன், தனியாக வந்தது. உள்ளே சிவப்பு. அப்பாடா.

வேரடி | பிப்ரவரி 19, இரவு 9:20

சரி, விட்ட இடத்தில் இருந்து.

இளம்புழு தேடி வந்தது வேரின் நடுத்தண்டை. நீரும் சர்க்கரையும் ஓடும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் நடுத்தண்டைச் சுற்றி மெழுகு பூசிய மாதிரி ஒரு வேலி உண்டு, அதை நேராகத் தாண்ட முடியாது. அதனால் செல்களுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகக் கீழே வேர் நுனி வரைக்கும் இறங்குகிறது. நுனியில் வேலி இன்னும் உருவாகியிருக்காது. அங்கே திரும்பி, நடுத்தண்டுக்குள் புகுந்து மேலே ஏறுகிறது. எந்தச் செல்லையும் உடைக்காமல் சந்து வழியாகவே போவதால் செடி பெரிதாக எச்சரிக்கை அடைவதில்லை.

நல்ல இடம் பார்த்து நின்றதும் தலையைச் சுற்றி உள்ள ஐந்து முதல் ஏழு செல்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொன்றிலும் ஊசியைச் செருகி உமிழ்நீரை விடுகிறது. அந்தச் செல்களின் போக்கே மாறிவிடுகிறது. உள்ளே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போகும், செல் பிரியாது. ஒரே செல்லுக்குள் பல பத்துக் கரு, சிலதில் நூறு வரைக்கும் சேர்ந்துவிடும். செல் பல மடங்கு பெரிதாகிறது. இவற்றுக்கு ராட்சத செல் என்று பெயர். சுற்றியுள்ள சாதாரண செல்களும் பெருகி வீங்குவதால்தான் வெளியே முடிச்சு தெரிகிறது. நுழைந்து நான்கைந்து நாளிலேயே லென்ஸில் வீக்கம் தெரிய ஆரம்பித்துவிடும்.

இனிமேல் அந்தப் புழு நகராது. நகரும் தசைகளே சுருங்கிப் போய்விடும். இருந்த இடத்தில் உட்கார்ந்து, இந்த ஐந்தாறு செல்லையும் மாற்றி மாற்றி உறிஞ்சும். கறவை மாட்டைக் கட்டி வைத்துக் கறப்பது மாதிரி. ஊசி செல் சுவரைத் துளைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழிக்காது. ஊசி முனையில் செல்லுக்குள் சின்னதாக ஒரு குழல் உருவாகிறது. வடிகட்டி மாதிரி வேலை செய்யும் அந்தக் குழல் வழியாகத்தான் சத்து ஏறுகிறது. தொண்டையில் இருக்கும் ஒரு குமிழ் பம்பு மாதிரி துடித்து இழுக்கும். செல் சாகக் கூடாது. அது செத்தால் வேறு இடத்துக்குப் போக முடியாத புழுவும் பட்டினியில் சாகும். அதனால் வாரக்கணக்கில் அந்தச் செல்களை உயிரோடு வைத்திருக்கிறது. இலை சமைத்த சர்க்கரை காய்க்குப் போகாமல் முடிச்சுக்கு இறங்குகிறது. நீர்க்குழாய்கள் நசுங்கிக் கோணிப் போவதால் மத்தியான வெயிலில் செடி கேட்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறாது. உங்கள் செடி வாடி நிமிர்வதற்குக் காரணம் அதுதான். நீங்கள் அரை மணி நேரம் கூட்டி விட்ட தண்ணீர் மண்ணில் இருந்தது, மேலே ஏற வழியில்லை.

ஏறக்குறைய இரண்டு வாரம் தின்ற பிறகு உடம்பு சுரைக்காய் பிஞ்சு மாதிரி உப்பும். அப்புறம் அடுத்தடுத்து மூன்று தடவை தோலுரிக்கும். மூன்றாம், நான்காம் பருவத்தில் ஊசியே கிடையாது, தின்பதும் கிடையாது. கடைசித் தோல் கழன்றதும் பெண் திரும்பத் தின்ன ஆரம்பிக்கும். வெள்ளையாக, பேரிக்காய் வடிவில், முக்கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். முடிச்சைக் குண்டூசியால் மெதுவாகப் பிளந்து பாருங்கள், முத்து மாதிரி தெரியும். பின்புறத்தில் கோழையைச் சுரந்து அதற்குள் முட்டை வைக்கும். இன்காக்னிடாவுக்கு ஆணே தேவையில்லை, பெண் தனியாகவே முட்டை வைத்துவிடும். வேரில் கூட்டம் கூடிச் சாப்பாடு குறைந்தால்தான் நிறைய ஆண் உருவாகும். அவை புழு வடிவத்துக்குத் திரும்பி, ஒன்றும் தின்னாமல் வேரை விட்டு வெளியேறிவிடும். தின்கிற வாய் குறையட்டும் என்று ஏற்பாடு செய்த மாதிரி இருக்கும்.

மண் சூடு 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் இந்த முழுச் சுற்றுக்கும் 25 முதல் 30 நாள். தக்காளி நான்கு மாதம் நின்றால் நான்கு தலைமுறை. ஒரு தாய்க்கு 400 முட்டை, அதில் 20 மட்டும் பிழைக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காவது தலைமுறையில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இது சும்மா வீட்டுக் கணக்குத்தான், ஆனால் நாற்று நடும்போது ஒன்றுமே தெரியாமல் இருந்தது அறுவடை முடிவில் தோட்டத்தையே பிடிப்பது எப்படி என்று புரியும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. புழு மண்ணில் அலையும் அந்தச் சில நாள்தான் அடிபடும் நாள். குருணை மருந்துகள் பெரும்பாலும் அந்த இளம்புழுவைத்தான் மயக்கிப் போடும், வீரியம் குறைந்ததும் பல மீண்டுவிடும். வேருக்குள் உட்கார்ந்துவிட்ட பெண்ணையும் கோழைக்குள் இருக்கும் முட்டையையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. 55 நாள் செடியில் என்ன ஊற்றினாலும் மகசூல் திரும்பி வராது. நாற்றங்காலிலும் நடவுக்கு முன்னாலும்தான் இதற்கு வேலை.

ஒரு கேள்வி. அந்த ஐந்து பாரில் மட்டும் வேறு என்ன நடந்தது? போன பயிர் என்ன? நாற்று எங்கே வாங்கினீர்கள்?

செம்மண்காரன் | பிப்ரவரி 20, காலை 5:50

ஐயா, முடிச்சைப் பிளந்து பார்த்தேன். லென்ஸ் இல்லை, மகனுடைய போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளை முத்து இருந்தது. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம்.

நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. நாற்று கொஞ்சம் போதவில்லை. மற்ற இடமெல்லாம் குழித்தட்டு நாற்று. அந்த ஐந்து பாருக்கு மட்டும் வேறு ஒரு இடத்தில் தரைப் பாத்தியில் வளர்த்ததை மண்ணோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். வாங்கும்போதே சில நாற்றின் வேரில் சின்னச் சின்ன வீக்கம் இருந்தது. கேட்டதற்கு "அது வேர் தடித்திருக்கிறது, நல்ல நாற்று" என்றார்கள். நம்பினேன். கிழக்குப் பக்கம் நான்கு செடி பிடுங்கிப் பார்த்தேன், வேர் சுத்தமாக இருக்கிறது.

வேரடி | பிப்ரவரி 20, காலை 7:15

அப்படியானால் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், பலருக்கும் இப்படித்தான் வருகிறது. இந்தப் புழு தானாக நகர்ந்தால் ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் கூடப் போகாது. நாற்று, மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், ஓடுகிற தண்ணீர் இவைதான் அதற்கு வண்டி. கிழக்குப் பக்கம் சுத்தமாக இருக்கிறதே, அதைக் காப்பாற்றுங்கள். இன்று முதல் களை எடுப்பதும் காய் பறிப்பதும் முதலில் கிழக்கு, கடைசியில் மேற்கு. மேற்கில் வேலை செய்த கருவியைக் கழுவாமல் கிழக்கே கொண்டுபோகாதீர்கள்.

கொய்யாத்தோப்பு | பிப்ரவரி 20, மதியம் 1:30

ஆயக்குடியில் இருந்து எழுதுகிறேன். அண்ணா, உங்களுக்காவது நான்கு மாதப் பயிர், பிடுங்கிப் போட்டு நிலத்தைச் சரி செய்யலாம். எங்கள் கொய்யா நின்று காய்க்கும் மரம். இங்கே வருவது மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற வேறு வகை. முடிச்சு விரல் பருமனுக்குப் போகும். முதலில் இலை ஓரம் செம்பழுப்பாகும், அப்புறம் கொட்டும், காய் சிறுக்கும். வேர் பலம் குறைந்த இடத்தில் வாடல் பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் மரமே காய்ந்துவிடும். எனக்கும் பதியனோடு வாங்கிய மண்ணில்தான் வந்தது. 200 மரத்தில் 70 போய்விட்டது. கன்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கூச்சப்படாமல் ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். அந்த ஒரு கன்றுக்குக் காசு கொடுத்துவிடுங்கள், பரவாயில்லை.

மலைச்சரிவு | பிப்ரவரி 20, இரவு 8:00

நீலகிரியில் இருந்து. இந்தப் பேச்சில் மலையின் கதையையும் சேர்க்க ஆசை. தென்னிந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழுவை முதலில் எழுத்தில் பதிவு செய்தது எங்கள் பக்கத்தில்தான். 1901ல் பார்பர் என்ற தாவரவியலாளர் தேவாலா எஸ்டேட் தேயிலை வேரில் பார்த்தார். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியபோது முன்னால் நின்றவரும் அவர்தான்.

எங்கள் உருளைக்கிழங்கில் இருப்பது வேறு சாதி, முட்டைக்கூடு நூற்புழு. 1961ல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நிபுணர் கண்டுபிடித்தார். இது உள்ளே போகும் விதமே வேறு. சந்து வழியாகப் போகாமல் செல்களைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும். ஒரு செல்லில் ஊசியை வைத்து, பக்கத்துச் செல்களின் சுவரைக் கரைத்து, வீட்டுச் சுவர்களை இடித்துக் கூடமாக்குவது மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். முடிச்சு வராது. பெண் வீங்கி வேருக்கு வெளியே பிதுங்கி நிற்கும், பூக்கும் சமயத்தில் பிடுங்கினால் கடுகை விடச் சின்ன மணிகளாக வேரில் தெரியும். ஒரு வகை பொன் மஞ்சள், இன்னொன்று வெள்ளை. செத்ததும் அதன் தோலே தடித்துப் பழுப்புக் கூடாகிவிடும். உள்ளே சில நூறு முட்டை. 20 வருடம் வரைக்கும் கூட மண்ணில் கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டால்தான் பெரும்பகுதி பொரிக்கும். அதுவரை கோஸ், காரட், பூண்டு என்று எதை நட்டாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் விதைக்கிழங்கு மலையை விட்டு இறங்கக் கூடாது என்று 1971ல் தடை வந்தது. குஃப்ரி ஸ்வர்ணா என்ற எதிர்ப்பு ரகம் 1985ல் எங்களுக்காகவே வந்தது. அதையும் ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போடாமல் இடையில் வேறு பயிர் மாற்றினால்தான் தாங்கும் என்பது அப்பா காலத்து அனுபவம்.

நாட்டுவிதை | பிப்ரவரி 21, காலை 11:00

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். மண்ணில் உயிர் இருந்தால் நூற்புழு தானாக அடங்கும். ரசாயனம் போட்டு மண்ணைக் கொன்றதால்தான் இவ்வளவும். நான்கு பக்கமும் வரப்பில் செண்டுமல்லி நட்டால் வாசனைக்கே ஓடிவிடும். என் தோட்டத்தில் அப்படித்தான்.

வேரடி | பிப்ரவரி 21, இரவு 9:45

நீங்கள் சொல்வதில் பாதியை மனதார ஏற்கிறேன். மண்ணில் இருக்கும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் தின்று வாழ்பவை. செடிக்கு உணவு விடுவிக்க உதவுபவை. மக்கிய எரு நிறைந்த மண்ணில் கெட்டதைத் தின்னும் பூஞ்சணங்களும் கூடுதலாக இருக்கும். பர்புரியோசிலியம் லிலாசினம், போக்கோனியா இரண்டும் கோழைக்குள் புகுந்து முட்டையையே தின்னும். பாஸ்டூரியா என்ற பாக்டீரியாவின் வித்து, போகிற இளம்புழுவின் தோலில் பொடி தூவினது மாதிரி ஒட்டிக்கொள்ளும், அந்தப் புழு வளர்ந்தாலும் முட்டை வைக்காது. இதையெல்லாம் நான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்.

செண்டுமல்லி விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது வாசனையால் விரட்டுவதில்லை. அதன் வேரில் இருக்கும் ஆல்பா டெர்தியேனைல் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. இளம்புழு அந்த வேருக்குள் நுழைய வேண்டும், நுழைந்தால்தான் வளராமல் சாகும். வரப்பில் நட்ட பூ வரப்பு மண்ணை மட்டும்தான் சுத்தம் செய்யும். நடுவில் உள்ள தக்காளி வேரில் உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. நிலம் முழுக்க நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் தனிப் பயிராக நிற்க வேண்டும். நடுவில் மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் முளைத்தால் அதில் போய்ப் புழு பிழைத்துக்கொள்ளும், களை இல்லாமல் வைக்க வேண்டும். குட்டைச் செண்டுமல்லிக்கு வீரியம் கூடுதல், உயரமானதும் பயன் தரும்.

நாட்டுவிதை | பிப்ரவரி 22, காலை 7:20

வேருக்குள் போனால்தான் சாகும் என்பது எனக்குத் தெரியாது. வரப்பில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் திருப்தியாக இருந்திருக்கிறேன். அடுத்த பட்டத்தில் ஒரு பாத்தி முழுக்கப் போட்டுப் பார்க்கிறேன். திருத்தியதற்கு நன்றி.

தொட்டியம்_வாழை | பிப்ரவரி 22, இரவு 7:40

வாழையில் துளைப்பான் நூற்புழு வருகிறது. ரடோஃபோலஸ் என்பார்கள். அது ஒரு இடத்தில் உட்காராது, வேருக்குள் தின்றுகொண்டே நடக்கும், உள்ளேயே முட்டை வைக்கும். வேரைப் பிளந்தால் செம்பழுப்புக் கோடு. தார் தள்ளி எடை ஏறும் நேரத்தில் லேசான காற்றுக்கே மரம் வேரோடு சாய்ந்துவிடும். பக்கக்கன்றின் கிழங்கைச் சுற்றிலும் கருப்பு தெரியாத வரை செதுக்கிவிட்டு நடுவதுதான் எங்கள் முதல் வேலை. நட்டு 45ம் நாள் இடையில் சணப்பு விதைத்து ஒரு மாதத்தில் மடக்கி விடுகிறோம். திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் இந்தப் பயம் தொடக்கத்தில் இல்லை, ஆனால் பழைய மண்ணில் வைத்தால் மண்ணில் இருப்பது வரத்தான் செய்யும்.

செம்மண்காரன் | பிப்ரவரி 23, காலை 6:30

அப்புறம் ஒரு சந்தேகம். நூற்புழு தாங்கும் தக்காளி ரகம் இருக்கிறது என்று விதைக் கடையில் சொன்னார்கள். அதையே போட்டால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே?

வேரடி | பிப்ரவரி 23, இரவு 10:00

உண்டு. எம்.ஐ. என்ற ஒரு மரபணு. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியில் இருந்து 1940களில் கொண்டுவந்தது. அது செய்கிற வேலை அழகானது. இளம்புழு ஊசியைச் செருகிய அந்தச் செல்லே உடனே தன்னைக் கொன்றுகொள்ளும். கறக்க மாடு இல்லாமல் புழு பட்டினியில் சாகும்.

ஆனால் மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். நம் சித்திரை வெயிலில், ஷீட்டுக்குக் கீழே, செம்மண் எவ்வளவு சுடும் என்று கையை வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை நடவுக்கு அந்த ரகம் உதவும், கோடைக்கு நம்ப வேண்டாம். கொய்யாக்காரர் சொன்ன என்டெரோலோபி வகையை அது தடுக்கவும் தடுக்காது. கத்தரியில் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிய நாற்று கிடைக்கிறது, இன்காக்னிடாவை அது நன்றாகத் தாங்குகிறது.

உங்கள் நிலத்துக்கு என் யோசனை. அறுவடை முடிந்ததும் மேற்கில் செடியை வெட்டாதீர்கள், வேரோடு தோண்டி எடுங்கள். வேரை உரக்குழியில் போடாதீர்கள், வெயிலில் காயவைத்து எரியுங்கள். முட்டை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் நிலத்தை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் விரிப்பை ஓரம் மண்ணால் மூடி ஆறு வாரம் வையுங்கள். கருப்பு ஷீட் இதற்கு ஆகாது. மேல் அரை அடி நன்றாக வெந்துவிடும், ஆழத்தில் இருப்பது தப்பும். அதற்குத்தான் அடுத்து செண்டுமல்லி முழுப் பயிர். உங்கள் ஊரில் பூவுக்கு விலை இருக்கிறதே. பர்புரியோசிலியத்தை மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் வைத்து, நடவுக்கு முன் வேப்பம் பிண்ணாக்கோடு போடுங்கள்.

தொடங்கும் முன் மேற்கிலும் கிழக்கிலும் வேர் ஆழத்து மண் எடுத்து, வெயில் படாமல், ஈரம் காயாமல், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பக்க மண்ணையும் தனித்தனித் தொட்டியில் நிரப்பி, சுத்தமான தக்காளி நாற்று வைத்து, 35 நாள் கழித்து வேரைக் கழுவி முடிச்சை எண்ணுங்கள். செடியே உங்களுக்குப் பரிசோதனைக் கூடம்.

செம்மண்காரன் | ஜூன் 6, இரவு 9:10

ஐயா, நான்கு மாதம் கழித்து வருகிறேன். மேற்கில் வந்த தக்காளி கிழக்கில் பாதி கூட இல்லை. சொன்ன மாதிரியே தோண்டி எடுத்தோம், வீட்டுக்காரியும் நானும் ஆறு நாள். ஏப்ரல் 10 முதல் மே 24 வரை பாலிதீன் போட்டு வைத்தேன். பாலிதீனுக்கு முன்னால் எடுத்த மண்ணில் ஆறு தொட்டி, பின்னால் எடுத்ததில் ஆறு தொட்டி. முன்னால் எடுத்ததில் ஆறு செடியிலும் முடிச்சு, ஒன்றில் 60க்கு மேல் எண்ணி விட்டுவிட்டேன். பின்னால் எடுத்தது இப்போதுதான் வைத்திருக்கிறேன்.

செம்மண்காரன் | ஜூலை 4, காலை 7:00

தொட்டியைக் கொட்டினேன். ஆறில் மூன்று சுத்தம். மற்ற மூன்றில் 4, 9, 2. மேற்கு முழுக்கக் குட்டைச் செண்டுமல்லி நெருக்கமாக நட்டு ஒரு வாரம் ஆகிறது.

கொய்யாத்தோப்பு | ஜூலை 4, இரவு 8:30

அண்ணா, படிக்கும்போதே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. 9 வந்த தொட்டி எந்த இடத்து மண்?

செம்மண்காரன் | ஜூலை 5, காலை 6:10

வாய்க்கால் ஓரம் தம்பி. அங்கே விரிப்பு இரண்டு நாள் காற்றில் கிழிந்து கிடந்தது.

வேரடி | ஜூலை 5, இரவு 9:00

அந்த ஓரத்தில் செண்டுமல்லியை இன்னும் நெருக்கி நடுங்கள், மணத்தக்காளி ஒன்று கூட நிற்க விடாதீர்கள். பூ முடிந்ததும் செடியை அங்கேயே மடக்கி உழுதுவிட்டு மறுபடி தொட்டி வையுங்கள். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செம்மண்காரன் | நவம்பர் 2, மாலை 6:40

பூ நல்ல விலைக்குப் போனது. செடியை மடக்கி உழுது மூன்று வாரம் விட்டு மண் எடுத்தேன், இந்தத் தடவை எட்டுத் தொட்டி. வாய்க்கால் ஓரத்தில் இருந்து மட்டும் நான்கு. 35 நாள் ஆக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மகன் தினமும் ஒரு செடியையாவது பிடுங்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறான். தரைப் பாத்தி நாற்று இனி வாங்குவதில்லை. குழித்தட்டு வாங்கி, தென்னை நார்க்கழிவில் நாங்களே விதை போட்டிருக்கிறோம்.

செம்மண்காரன் | நவம்பர் 11, காலை 8:15

எட்டுச் செடியையும் வாளித் தண்ணீரில் அலசி வெள்ளைத் துணியில் பரப்பினோம். ஏழில் ஒன்றும் இல்லை. வாய்க்கால் ஓரத்துச் செடி ஒன்றில் ஒரே ஒரு முடிச்சு, கடுகு அளவு. பிளந்து பார்த்தோம், வெள்ளை முத்து இருந்தது. அந்த இரண்டு பாரை விட்டுவிட்டு மற்றதில் நாளை நடவு.